முட்டுக் கொடுத்த செடி

போன வாரம் காந்தாவை நாம் விட்டுவிட்டு வந்தது அவள் வீட்டு ஹாலில், பால்கனிக் கதவோரம், மருமகளின் பாம் செடிக்கு, அந்தத் தொட்டிப் பனைக்குப் பக்கத்தில். செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திருப்தியாகத் தூங்கப் போனாள். காலையில் எழுந்து வந்து பார்த்தால் செடி தரையில் தலையை வைத்துப் படுத்திருந்தது.

வேறு செடியாக இருந்தால் போகிறது என்று பெருக்கித் தள்ளியிருப்பாள். இது வினிதாவின் செடி. கோபித்துக்கொண்டு குன்றத்தூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்ட வினிதா, இந்த வீட்டோடு வைத்திருக்கிற ஒரே பேச்சு இந்தச் செடியைப் பற்றித்தான். தினமும் சாயங்காலம் புருஷனுக்கு ஒரு மெசேஜ் வரும், பாம் எப்படி இருக்கு என்று. பிரேம் ஒரு போட்டோ அனுப்புவான். அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம். அந்த ஒரு நூலும் அறுந்துவிட்டால் அப்புறம் தனக்கு மருமகள் என்று ஒருத்தி இல்லை என்பது காந்தாவுக்கு நன்றாகத் தெரியும்.

கோபத்துக்குக் காரணம் காந்தாவின் வாய்தான். மாடம்பாக்கத்தில் தங்கை பேரனுக்குக் காது குத்து. வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து, மருமகளுக்கு விசேஷம் ஒன்றும் இல்லையா என்று காந்தாவைக் கேட்டுக் குடைந்தார்கள். எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வாள்? கடைசியில் நாத்தனார் ஒருத்தி கேட்டபோது, "எங்க வூட்ல பாம் செடிதான் கொழந்த. அதைக் குளிப்பாட்டித் தொடச்சி வுடறதுக்கே அவளுக்கு நேரம் பத்தல" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். கூடம் முழுக்கச் சிரித்தது. வினிதா பின்னால் சீர்த்தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் காலை பையோடு கிளம்பியவள்தான்.

சரி, செடி ஏன் விழுந்தது? அதற்கும் காரணம் காந்தாதான்.

காந்தா விவசாயக் குடும்பத்துப் பெண். பிறந்த வீட்டு நிலமும் புகுந்த வீட்டு நிலமும் இப்போது பிளாட்டுகளாகிவிட்டன. செம்பாக்கத்தில் அவள் குடியிருக்கிற மூன்றாவது மாடியே அவளுடைய மாமனாரின் வாழைத் தோட்டத்துக்கு மேலேதான் நிற்கிறது. அப்படிப்பட்டவளுக்கு ஒரு தொட்டிச் செடி எந்த மூலைக்கு?

வினிதா அந்தச் செடிக்குச் செய்ததெல்லாம் அவளுக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டாகத்தான் தெரிந்தது. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர். ஓலைகளை ஈரத்துணியால் துடைப்பது. வெளிச்சம் வருகிற பக்கமே சாய்ந்துவிடாமல் இருக்க, தொட்டியை அவ்வப்போது கொஞ்சம் திருப்பி வைப்பது. செடி ஆள் உயரம் தாண்டி வளர்ந்திருந்தது. தண்டு மட்டும் விரல் பருமன்தான். வினிதா போனபிறகு தொட்டியைத் திருப்ப ஆள் இல்லை. செடி பால்கனிக் கதவைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு சாய ஆரம்பித்தது.

காந்தா வாழைக்குச் செய்கிற வைத்தியத்தில் இறங்கினாள். புருஷன் துரையின் ஹார்டுவேர் கடையிலிருந்து சவுக்குக் கம்பும் நைலான் கயிறும் வந்தன. கம்பைத் தொட்டிக்குள் குத்தி இறக்கி, தண்டை இறுக்கிக் கட்டி முட்டுக் கொடுத்தாள். அதோடு விட்டாளா? பக்கத்துக் காலி மனையிலிருந்து மண் அள்ளி வந்து, சாணி கலந்து, தண்டைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு அணைத்தாள். காற்றில் சாயாமல் இருக்க வாழைக்கு அப்படித்தான் மண் அணைப்பார்கள். காலையும் மாலையும் தண்ணீர் வேறு. வாழையாக இருந்தால் இந்நேரம் குலை தள்ளியிருக்கும்.

இது பாம் செடி. ஓலை மஞ்சளடித்தது. நுனி கருகியது. பார்த்தால் வினிதா வருத்தப்படுவாள் என்று பிரேம் பழைய போட்டோக்களையே திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். காந்தாவும் தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

இப்போது குனிந்து தூக்கி நிறுத்தினாள். கையை எடுத்ததும் மறுபடியும் சாய்ந்தது. கம்பு ஈர மண்ணில் பிடிமானம் இல்லாமல் செடியோடு சேர்ந்தே ஆடியது. அணைத்த மண்ணுக்குள் விரலை விட்டாள். தண்டு கொழகொழவென்றிருந்தது. விரலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து பிரேம் பல் விளக்கிக்கொண்டே வந்தான். கையில் போன். மெசேஜைப் படித்துக் காட்டினான். சாயங்காலம் வருகிறேன், செடியை எடுத்துக்கொள்கிறேன், வண்டி சொல்லியிருக்கிறேன்.

"செடிய எடுத்துக்கவா?" என்றாள் காந்தா. "செடிய மட்டுமா?"

"அப்படித்தான்மா போட்டிருக்கா."

"நீ இன்னாடா சொன்ன?"

"சரின்னு போட்டேன்."

பிரேமுக்கு வாயில் வருகிற முதல் வார்த்தை அதுதான். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். மேலே இருப்பவர்களுக்கும் சரி, கீழே இருப்பவர்களுக்கும் சரி, அம்மாவுக்கும் சரி, பெண்டாட்டிக்கும் சரி. நல்ல பிள்ளை என்று தெருவே சொல்லும்.

காந்தாவுக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகு உள்ளே ஓடினாள். துடைக்கிற துணியோடு மறுபடி ஹாலுக்கு வந்து செடியைப் பார்த்தாள். துரை கடைக்குக் கிளம்பிக்கொண்டே எட்டிப் பார்த்தார். ஒரு செடிக்கா இத்தனை பேஜார் என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

யோசனை பிரேமுடையது. அன்றைக்கு அவனுக்கு வார விடுமுறை. அதே உயரத்தில் இன்னொரு செடி வாங்கி அதே இடத்தில் வைத்துவிடலாம் என்றான். காந்தா ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். ஏமாற்று வேலைதான். ஆனால் வினிதா வந்து அழுகின செடியைப் பார்த்தால், சொன்னது போதாதென்று செய்தும் விட்டாள் இந்தக் கிழவி என்றுதானே நினைப்பாள்? வேண்டுமென்றே கொன்றுவிட்டாள் என்று சொன்னால் யார் இல்லையென்று சொல்ல முடியும்?

"எட்றா வண்டிய" என்றாள்.

அகரம்தென் வழியாகப் போய் வண்டலூர்-கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்தார்கள். அங்கே வரிசையாக நர்சரிகள். முதல் நர்சரியில் இருந்ததெல்லாம் இடுப்பு உயரம். அடுத்ததில் உயரம் சரியாக இருந்தது, ஆனால் புதராக அடர்ந்திருந்தது. அதை யார் நம்புவார்கள்? காந்தா ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் போய் நின்று, தன் தலைக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று மகனைப் பார்க்கச் சொன்னாள். வெயில் ஏற ஏற அவளுக்குப் படபடப்பும் ஏறியது. பச்சையம்மா என்பவளின் நர்சரியில், பச்சை வலைக்குக் கீழே, கடைசி வரிசையில் ஒன்று அகப்பட்டது. அதே உயரம், அதே ஒடிசல். தண்டு மட்டும் கொஞ்சம் தெம்பாக இருந்தது. நாம் நன்றாகப் பார்த்துக்கொண்டதில் தேறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றான் பிரேம்.

காருக்குள் அது நிற்கவில்லை. காந்தா பின் சீட்டில் தொட்டியை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். செடியின் தலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. காற்றில் ஓலை கிழிந்துவிடப் போகிறது என்று கையை வெளியே விட்டு அணைத்துக்கொண்டாள். பஸ்ஸில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"இந்தச் செடி மேல அவளுக்கு எதுக்குடா இவ்ளோ உசுரு?" என்று கேட்டாள். "எங்க புடிச்சா இத?"

பிரேம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற வழியில வாங்கினதும்மா. கொழந்தைக்காகப் பாத்துட்டிருந்த ட்ரீட்மென்ட் இனிமே வேணாம்னு முடிவு பண்ணின அன்னிக்கு. வழியெல்லாம் ஒண்ணும் பேசல. ஒரு நர்சரி வந்ததும் வண்டிய நிறுத்துன்னா. நிறுத்தினேன்."

காந்தாவுக்குச் சிகிச்சை நின்றுபோனதே தெரியாது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அவள் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். போன சஷ்டிக்குக்கூடக் குன்றத்தூர் மலையேறி வந்திருந்தாள்.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ கஷ்டப்படுவியேன்னுதான்."

 அந்தப் பெண் தன் துக்கத்தைக் கொண்டுவந்து ஹால் மூலையில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். இவள் அதை எடுத்துக் காது குத்து வீட்டில் ஊர் சிரிக்க வைத்திருக்கிறாள். தெரியாமல்தான் சொன்னாள். தெரியாமல் சொன்னாலும் சொன்னது சொன்னதுதானே? வண்டியை நிறுத்தச் சொல்லி எங்கேயாவது இறங்கி உட்கார வேண்டும் போலிருந்தது. மடியில் தொட்டி இருந்ததால் அதற்கும் வழியில்லை.

வீட்டுக்கு வந்து லிப்டில் சாய்த்து ஏற்றினார்கள். விழுந்த செடியைத் தொட்டியோடு இழுத்துப் பின்பக்கப் பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடத்தினார்கள். புதுச்செடியை மூலையில் வைத்து, பிரேம் ஓலை ஓலையாகத் துடைத்தான். நேரம் நகராதது போலவும் இருந்தது, பறப்பது போலவும் இருந்தது. காந்தா தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். 

வாசல் மணி அடித்தது. வெயில் தாழ்வதற்கு முன்பே வினிதா வந்துவிட்டாள்.

கீழே குட்டியானை வேன் நிற்கிறது, அதிக நேரம் நிறுத்த முடியாது என்றாள். செருப்பை வெளியிலேயே விட்டு, விருந்தாளி மாதிரி வாசலிலேயே நின்றாள். காந்தா உள்ளே வரச் சொன்ன பிறகுதான் வந்தாள். முகம் வாடியிருந்தது. காபி வேண்டாம் என்றாள். பிரேம்தான் ஓயாமல் பேசினான். டிராபிக் எப்படி, மாமா எப்படி, பல்லாவரம் வழியா, சுத்து வழியா. அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுச் செடியிடம் போனாள்.

மண்ணுக்குள் விரலை விட்டாள். தண்டைத் தடவிப் பார்த்தாள். மேலே அண்ணாந்து பார்த்தபோது அவள் முகம் இளகியது.

"பழைய போட்டோவா வந்துட்டிருந்ததே, என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்" என்றாள். "தண்ணிகூட அளவாத்தான் ஊத்தியிருக்கீங்க. ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க அத்தை."

இந்த ஐந்து வருஷத்தில் மருமகள் வாயால் காந்தா கேட்ட முதல் பாராட்டு அது. அதை அப்படியே வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது. வண்டி கிளம்பிவிடும். பின்னால் பிரேம் தலையை ஆட்டி ஜாடை காட்டிக்கொண்டிருந்தான். காந்தா ஜாடையைப் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள்.

"அது உன் செடி இல்லம்மா" என்றாள் காந்தா.

வினிதா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

காந்தா முன்னால் நடந்து பின்பக்கப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடந்ததைக் காட்டிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். வினிதா கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நைலான் முடிச்சை அவிழ்த்தாள். கம்பைப் பிடுங்கினாள். அதோடு சில வேர்களும் வந்தன. பிறகு மண்ணைக் கையால் தள்ளினாள்.

"இவ்ளோ மண்ணை ஏன் தண்டு மேல போட்டீங்க?"

"அணைச்சேன். சாயக் கூடாதுன்னு. வாழைக்கு அப்டித்தான் செய்வோம்."

"இது வாழை இல்ல அத்தை" என்றாள் வினிதா. குரலில் கோபம் இருந்ததா என்று காந்தாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. "இதுக்குத் தண்டை மூடினாலே அழுகிடும்."

கத்தியும் தேங்காய் நாரும் பழைய பருத்திப் புடவையும் கேட்டாள். காந்தா எல்லாவற்றையும் ஓடி ஓடிக் கொண்டுவந்து கொடுத்தாள். அழுகிய பாகம் போக, தண்டின் மேல்பாதி கெட்டியாகத்தான் இருந்தது. அதில் ஒரு கணுவைக் காட்டினாள். பரு மாதிரி சின்னச் சின்ன முளைகள். அதெல்லாம் வேர் விடுகிற இடம் என்றாள். அழுகலை வெட்டி எறிந்துவிட்டு, அந்தக் கணுவைச் சுற்றி நனைத்த நாரை வைத்து, புடவைக் கிழிசலால் இறுக்காமல் கட்டினாள். காந்தா தண்டைப் பிடித்துக்கொண்டாள். இருவர் கையும் ஒரே இடத்தில் இருந்தன. பால்கனியில் கிடந்த காலித் தொட்டியில் மண் போட்டு நிறுத்தி, கம்பைத் தள்ளி நட்டு, இன்னொரு கிழிசலால் தளர்வாக முட்டுக் கட்டி, அடியோலைகளை நறுக்கிவிட்டு வினிதா எழுந்தாள்.

"பிழைக்குமாம்மா?"

"தெரியல. பாதிக்குப் பாதிதான். வேர் பிடிக்கிற வரைக்கும் அசைக்கக் கூடாது. வெயில் படக் கூடாது. நார் காயக் கூடாது, சொட்டவும் கூடாது."

கீழே குட்டியானைக்காரர் ஹாரன் அடித்தார். வினிதா கையைக் கழுவிக்கொண்டே, வண்டியை அனுப்பிவிடச் சொன்னாள். அதைக் கேட்டதும் பிரேமின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே. சரி சரி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினான்.

காந்தாவுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. இதுதான் நேரம் என்று பட்டது. "அன்னிக்கி காது குத்துல நான் பேசினது..." என்று ஆரம்பித்தாள். "ஆஸ்பத்திரி விஷயம் எனக்குத் தெரியாதும்மா. இன்னிக்குத்தான் சொன்னான்."

வினிதா குழாயை மூடினாள்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் அத்தை. அவருக்குத் தெரியுமில்ல? நீங்க சொன்னப்போ அவர் பக்கத்துலதான் நின்னார். எல்லாரோடயும் சேர்ந்து அவரும் சிரிச்சார்."

காந்தா கூடத்தை நினைத்துப் பார்த்தாள். ஆமாம், சிரித்தான். அம்மா சொன்னதற்குச் சரி என்று சிரித்தான். அவளே பார்த்தாள். பார்த்துப் பெருமைப்பட்டாள்கூட.

"செடியை நீங்கதான் பார்த்துக்கணும்" என்றாள் வினிதா. "காலையில ஒரு தடவை நாரைத் தொட்டுப் பாருங்க. அது போதும்."

"நீதான் இங்க கீறியே. நான் எதுக்கு?"

"எங்க கம்பெனியோட புனே ஆபீஸுக்கு மாத்தல் கேட்டிருந்தேன். கொடுத்துட்டாங்க. இந்த வாரக் கடைசியில கிளம்பறேன். செடியை அம்மா வீட்ல விட்டுட்டுப் போகலாம்னுதான் வண்டி கொண்டுவந்தேன். இனிமே அதை அசைக்க முடியாது. வேற ஒண்ணும் இல்ல."

காந்தா வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டாள். வண்டியைத்தான் அனுப்பியிருக்கிறாள். அவள் இருக்கப் போவதில்லை.

"அவனுக்குத் தெரியுமா?"

"இல்ல. நான்தான் சொல்லணும். சொன்னா உடனே சரின்னுடுவார். நில்லுன்னும் சொல்ல மாட்டார், நானும் வரேன்னும் சொல்ல மாட்டார். அதைக் கேக்கத்தான் தைரியம் வரல." அவள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள்.  "நீங்க சொல்லிடாதீங்க அத்தை."

காந்தாவிடம் ரகசியம் சொல்லி அது அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருந்ததாகச் செம்பாக்கத்தில் சரித்திரமே இல்லை. காலையில் மகனோடு சேர்ந்து மருமகளிடம் மறைத்தாள். இப்போது மருமகள் தன்னோடு சேர்ந்து மகனிடம் மறைக்கச் சொல்கிறாள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் ஏது? தலையை மட்டும் ஆட்டினாள். வினிதா செடிப்பக்கம் திரும்பி, ஏற்கெனவே நிமிர்ந்து நின்ற ஓலையை இன்னும் நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. காந்தா ஹாலுக்கு வந்தாள். பிரேம் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தான். சட்டை நனைந்திருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் அவன் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"அனுப்பிட்டேன்மா" என்றான் தணிந்த குரலில். "என்ன சொல்றா? இருக்கேன்னாளா?"

காந்தாவின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. இப்போது சொன்னால் அவன் ஓடிப்போய்த் தடுப்பானோ என்னவோ. இல்லை, அம்மா சொன்னாள் என்பதற்காகப் போய் நிற்பான். அம்மா சொன்னதையே அவளிடம் சொல்வான். வினிதா கேட்க நினைத்தது அது இல்லை.

"பின்னாடிதான் நிக்கிறா" என்றாள் காந்தா. "என்னைக் கேக்காத. இனிமே அவளைப் பத்தி என்கிட்ட எதுவும் கேக்காத. போய் அவளையே கேளு."

"சரிம்மா" என்றான் பிரேம்.

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சமையலறையைத் தாண்டிப் பின்பக்கப் பால்கனிக் கதவு வரைக்கும் போனான். அந்தப் பக்கம் வினிதா இவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பிரேம் கதவின் மேல் கையை வைத்தான். தள்ளாமல் அப்படியே நின்றான்.